உதயநகரில அண்ணரின்ர வீட்டை வாடகைக்கு விட வேணும், எங்க எல்லாம் பிழை வரும்?

பாலையடி எழுதியது:

வணக்கம். நான் வவுனியாவில. அண்ணர் குடும்பத்தோட கனடாவில. அவற்ற வீடு கிளிநொச்சி உதயநகரில இருக்கு: மூண்டு அறை, ஹோல், குசினி, பின்னுக்குப் பத்தி, கிணறு, வளவுக்குள்ள தென்னை, மா. சண்டை முடிஞ்சு திருத்தினாப்பிறகு முதலில ஒரு தொண்டு நிறுவனம் அலுவலகமா எடுத்தது. அவை போக ஒரு உத்தியோகத்தர் குடும்பம் இருந்தது. இடமாற்றம் வந்து அவையும் போட்டினம். இப்ப பூட்டிக் கிடக்கு.

திரும்ப விடுற பொறுப்பு என்ர தலையில. அண்ணர் சொல்லுறது ஒண்டுதான்: "தெரிஞ்ச ஆக்களாப் பார்த்து விடடா, வாடகை முக்கியமில்லை, வீட்டில விளக்கு எரிஞ்சால் காணும்." எனக்கு அந்தக் கதைதான் பயமாக் கிடக்கு. வன்னிப் பக்கம் வீடு விட்டவை, வாடகைக்கு இருந்தவை, ரெண்டு பகுதியும் சொல்லுங்கோ. வழமையா எங்க பிழை வருது?

கரடிப்போக்கு எழுதியது:

தம்பி, உங்கட பயம் சரி. நான் ஏ9 ரோட்டுக் கரையில கடை வைச்சிருக்கிறன். வீடு தேடுறவையும் விடுறவையும் முதல் என்னட்டத்தான் கேப்பினம். தரகுக் காசு வாங்கிறேல்லை, ஒரு தேத்தண்ணியோட சரி.

நான் கண்ட மட்டில, கூடாத ஆளுக்கு விட்டுக் கெட்டுப்போன வீடு கொஞ்சம். என்ன முறையில விட்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாமல் கெட்டுப்போன வீடுதான் கனக்க. "நீங்கள் இருந்து பாருங்கோ, கரண்ட் பில்லைக் கட்டுங்கோ, தேங்காயை எடுங்கோ." வாடகையும் இல்லை, இனாமும் இல்லை. 2010, 2011ல மீளக் குடியேறின நேரம் ஒரு கூரைக்குக் கீழ மூண்டு குடும்பம் இருந்தது, அப்ப ஆர் கடதாசி கேட்டது? ஆனா அந்த நேரம் வந்தவையில சிலர் இப்பவும் அங்கதான். பிள்ளையள் அந்த விலாசத்திலதான் பள்ளிக்கூடம் சேர்ந்தது. வாக்காளர் இடாப்பில அந்த வீட்டு இலக்கம். கரண்ட் ரசீது எல்லாம் அவையின்ர கையில. சொந்தக்காரர் ஜெர்மனியிலயிருந்து வந்து படலையில நிண்டு "எழும்புங்கோ" எண்டு சொல்லேக்க, ஆர் வீட்டுக்காரர், ஆர் விருந்தாள் எண்டு பாக்கிறவனுக்கே விளங்காது.

அவை கள்ளர் இல்லை, அதையும் சொல்ல வேணும். அவை இல்லாட்டி கதவு நிலை, வயர், மோட்டர் எல்லாம் எப்பவோ கழட்டுப்பட்டிருக்கும். வெறும் வீட்டை விட்டு வைக்கிற ஊர் இல்லை இது. தாங்கள்தான் காப்பாத்தினது எண்டு அவை நினைக்கிறதில ஞாயம் இருக்கு.

அதால, உதவியோ வாடகையோ எண்டதை ஆள் உள்ளுக்குக் கால் வைக்க முன்னம் தீர்மானியுங்கோ. உதவி எண்டாலும் எழுதுங்கோ.

சுவிஸ் உறவு எழுதியது:

கரடிப்போக்கு அண்ணை, சொல்ல லேசு. விசுவமடுவில என்ர வீட்டில இருக்கிறது என்ர சொந்த மச்சாள். அவவிட்ட "இதில கையெழுத்துப் போடு" எண்டு கடதாசி நீட்டினால் ஊர் என்ன சொல்லும்? வெளிநாடு போனவுடன ஆள் மாறிட்டான் எண்டு. எங்கட சனத்துக்குள்ள வாய்ச்சொல்லுக்கு இன்னும் மரியாதை கிடக்கு.

முதிரை எழுதியது:

நான் சட்டத்தரணி இல்லை. காணி உறுதி எழுதுற நொத்தாரிசு ஒருவற்ற கந்தோரில வேலை. அங்க காணுறதைச் சொல்லுறன், உங்கட அலுவலுக்கு உங்கட சட்டத்தரணியைக் கேளுங்கோ.

சுவிஸ் உறவுக்கு: மச்சாளோட உங்களுக்கு ஒரு நாளும் பிரச்சினை வராது. மச்சாளுக்குப் பிறகு மருமகன் வந்து நிக்கேக்கதான் வரும். நீங்கள் மச்சாளுக்குச் சொன்ன வாய்ச்சொல் அவருக்குத் தெரியாது.

எல்லாரும் "பத்து வருச ஆட்சி" எண்டு பயப்பிடுறது 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தை. ஒருத்தர் வேற ஒரு சொந்தக்காரரை ஏற்காமல், தொடர்ச்சியாப் பத்து வருசம் தன்ர ஆதனம் மாதிரி ஆண்டால் உரிமை கோரலாம். வாடகை கட்டுறவருக்கு அது இலேசில வராது. வாடகை கட்டுறதே "இது உங்கட வீடு" எண்டு ஒத்துக்கொள்ளுறதுதான். அனுமதியோட இருந்தவருக்கும் அதே கதைதான். ஆனா அனுமதியோடதான் இருந்தார் எண்டதை எப்படிக் காட்டுறது? அதுதான் நாங்கள் சொல்லுறது, மாசம் ஆயிரம் ரூபா எண்டாலும் வாங்கி ரசீது குடுங்கோ, வங்கிக் கணக்கில விழுந்தால் இன்னும் நல்லம். அந்தக் காசு உங்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், அந்தத் துண்டு தேவை.

2016ல வந்த 5 ஆம் இலக்கச் சட்டம் தங்களைக் காப்பாத்தும் எண்டு வெளிநாட்டில இருக்கிற கனபேர் நினைக்கினம். இடம்பெயர்ந்தவையின்ர காணியில மற்றவை இருந்த காலத்தைக் கணக்கில எடுக்கிறேல்லை எண்ட சட்டம் அது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரைக்கும்தான் அந்தக் கணக்கு. சண்டை முடிஞ்சாப்பிறகு நீங்களே திறப்பைக் குடுத்து இருத்தின ஆளுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை.

அடுத்த பிழை, கொம்பியூட்டர்க் கடையில அடிச்ச ஒப்பந்தம். ரெண்டு பக்கம், முத்திரை ஒட்டி, ரெண்டு சாட்சி வைச்சு, "ரெண்டு வருசக் குத்தகை" எண்டு எழுதியிருக்கும். 1840ல இருந்து இருக்கிற சட்டப்படி, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசுக்கு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதினால்தான் குத்தகை. முத்திரை ஒட்டினதால அந்தக் கடதாசி உறுதி ஆகாது. அவர் வாடகைக்கு இருந்தவர் எண்டு காட்ட உதவும், அதுக்காகக் கிழிச்சு எறிய வேண்டாம். ஆனா "ரெண்டு வருசம்" எண்ட கதை நிக்காது, மாச வாடகை எண்டுதான் பாப்பினம்.

நொத்தாரிசுக்குக் குடுக்கிற காசை மிச்சம் பிடிக்க வெளிக்கிட்டு இழக்கிறது இன்னொண்டும் இருக்கு. 2023 ஆம் ஆண்டு 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகை முடிஞ்சும் எழும்பாதவரிட்ட இருந்து வீட்டை எடுக்க மாவட்ட நீதிமன்றத்தில சுருக்கமான நடைமுறை ஒண்டைத் தருது. நொத்தாரிசு எழுதின குத்தகை இருந்தால்தான் அந்தப் பாதை. மற்றவைக்குப் பழைய நீண்ட வழக்குத்தான்.

குஞ்சுப்பரந்தன் அக்கா எழுதியது:

எல்லாரும் வீட்டுக்காரரின்ர பக்கமே நிக்கிறியள். நான் ஆசிரியை. சொந்த வீடு வேற மாவட்டத்தில, இங்க வாடகைக்குத்தான் சீவியம். ஒருக்கா இந்தப் பக்கத்தால வந்து பாருங்கோ.

வீடு பாக்கப் போனால் முதல் கேள்வி, "பிள்ளை எந்த ஊர்?" அடுத்தது, "ஊரில எந்தப் பக்கம்? ஆரின்ர ஆக்கள்? எந்தக் கோயிலடி?" என்ன விசாரிக்கினம் எண்டு ஆருக்கும் விளங்கும். என்ர சம்பளத்தைக் கேக்கிறேல்லை. முதல் இருந்த வீட்டுக்காரரின்ர நம்பரைக் கேக்கிறேல்லை. எத்தினை வருசம் இங்க வேலை எண்டு கேக்கிறேல்லை. ஆளை அறியத் தேவையான கேள்வியை விட்டிட்டு, கேக்கக் கூடாத கேள்வியால ஆளைத் தெரிவு செய்யினம். பிறகு "வாடகை ஒழுங்கா வருகுதில்லை" எண்டு முறைப்பாடு.

ரெண்டாவது, பூட்டின அறை. "இந்த ஒரு அறைக்குள்ள எங்கட சாமான் கிடக்கு, மற்றதெல்லாம் நீங்கள் பாவியுங்கோ" எண்டு விடுவினம். நான் இருந்த ஒரு வீட்டில அந்த அறைக்குள்ள பழைய அலுமாரி, புத்தகம், பாய். திறப்பு வெளிநாட்டில. கறையான் அங்கதான் தொடங்கினது. சுவர் வழிய ஏறி என்ர அறை நிலைக்கு வந்தாப்பிறகுதான் எனக்குத் தெரிஞ்சது. எழும்பேக்க நிலை பழுதாப் போச்சு எண்டு அட்வான்ஸில வெட்டினவை.

அந்த அட்வான்ஸைப் பற்றியும் சொல்ல வேணும். ஆறு மாச முற்பணத்தை வாங்கிச் செலவழிச்சுப் போட்டு, "அடுத்த ஆள் வந்து தந்தவுடன தாறன் பிள்ளை" எண்டு சொல்லுறது. அது என்ர காசு. உங்களிட்ட நம்பித் தந்து வைச்சிருக்கிறது. ஒரு கணக்கில போட்டு வையுங்கோ.

பிறகு தேங்காய். விடியப்புறம் படலை திறக்கிற சத்தம். ஆரோ ஒருத்தர் கத்தியோட மரத்தில நிக்கிறார். வீட்டுக்காரரின்ர சித்தப்பாவாம், தேங்காய் பிடுங்க வந்தவராம். நாங்கள் பொம்பிளையள் தனிய இருக்கிற வீடு, கிணத்தடி வெளியில. மரம் உங்கட, சரி. ஆனா வாடகைக்குத் தந்த வளவுக்குள்ள கேட்டிட்டு வர வேணும்.

கரடிப்போக்கு எழுதியது:

அக்கா சொன்ன தேங்காய்க் கதை சின்ன விசயம் இல்லை. வாடகை முப்பதாயிரத்துக்கு ஒத்துக்கொண்டவை தேங்காய்க்குச் சண்டை பிடிச்சு எழும்பினதைக் கண்டனான். மரத்தின்ர பலன் ஆருக்கு, பங்கு எண்டால் எப்படி, பிடுங்க வாற ஆள் ஆர், எப்ப வரும். எழுதுங்கோ. கிணறு பக்கத்து வீட்டோட பங்குக் கிணறு எண்டால் அதையும் எழுதுங்கோ.

ஏ9காரன் எழுதியது:

இவ்வளவு எழுத்து ஏன் எண்டு கேக்கிறன். வாடகை தராட்டில் ரெண்டு மாசம் பாருங்கோ, மூண்டாம் மாசம் கரண்டை வெட்டிப் போட்டுப் பூட்டை மாத்துங்கோ. தானா வருவினம். உங்கட வீடுதானே?

முதிரை எழுதியது:

தயவு செய்து அதைச் செய்யாதையுங்கோ.

1979 ஆம் ஆண்டு முதனிலை நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தில 66 ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு. காணி, வீட்டுப் பிணக்கால சமாதானம் குலையும் எண்ட நிலை வந்தால் பொலிசாலயும் போகலாம், பாதிக்கப்பட்டவராலயும் போகலாம். அங்க உறுதி ஆரின்ர பேரில எண்டு நீதவான் தீர்க்கிறேல்லை. இருப்பில இருந்தது ஆர் எண்டுதான் பாப்பார். ஒருத்தரை அதுக்கு முந்தின ரெண்டு மாசத்துக்குள்ள பலாத்காரமா வெளியேத்தினது எண்டு கண்டால், அவரையே திரும்ப உள்ளுக்கு விடச் சொல்லலாம். அதாவது வாடகை தராதவர் நீதிமன்றக் கட்டளையோட திரும்ப வந்து இருப்பார். உரிமையை நீங்கள் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில போய்த் தேட வேணும்.

முறை இதுதான்: மாச வாடகை எண்டால் ஒரு முழு மாசத் தவணை குடுத்து எழுத்தில அறிவித்தல், பதிவுத் தபாலில. வாடகை நிலுவைக்கு மத்தியஸ்த சபைக்குப் போகலாம், செலவில்லை. கனபேர் அங்கயே முடிச்சுக்கொள்ளுகினம்.

ஏ9காரன் எழுதியது:

சரி, விளங்குது. ஆனா வாடகை தராதவனுக்குத்தான் சட்டம் துணை நிக்குது எண்ட என்ர எண்ணம் மாறேல்லை.

மாங்குளத்தான் எழுதியது:

நான் மேசன் வேலை. கடதாசியை நீங்கள் பாருங்கோ, நான் கூரையைச் சொல்லுறன்.

வன்னியில ஓட்டு வீட்டுக்கு முதல் எதிரி குரங்கு. காடு ஒட்டின பக்கம் எண்டால் ஒரு கூட்டம் வந்து ஒருக்கா ஓடிப் போச்செண்டால் ஓடு விலகும், உடையும். வெயிலுக்க தெரியாது. ஐப்பசியில முதல் மழை அடிக்கேக்க தெரியும், அப்ப ஓடு மாத்த ஆளும் கிடையாது, ஏறவும் ஏலாது. ஆவணிக்குள்ள ஒருக்கா ஏறிப் பாக்க வேணும். அது வீட்டுக்காரரின்ர செலவு. "இருக்கிறவை பாப்பினம்" எண்டு விடுறதும், "வீட்டுக்காரர் பாப்பினம்" எண்டு இருக்கிறவை விடுறதும், நடுவில வளை உக்கிப் போகும்.

தண்ணி. கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் கனக் கிணத்தில கல்லுத்தண்ணி. பைப் தலைப்பு, ஷவர், ஹீற்றர் எல்லாம் வெள்ளை படிஞ்சு அடைபடும். வாடகைக்கு இருக்கிறவர் உடைச்சுப் போட்டார் எண்டு சண்டை பிடிக்காதையுங்கோ, உடைச்சது தண்ணி. விலை கூடின ஷவரைப் பூட்டி வாடகை கூட்டலாம் எண்டு நினைக்கிறவைக்கும் இதுதான் என்ர பதில்.

தொண்டு நிறுவனம் இருந்த வீடு எண்டியள். சுவரில ஏசிக்கு வெட்டின ஓட்டை, அறையைப் பிரிச்ச பலகை, இஷ்டத்துக்கு இழுத்த வயர் எல்லாம் இருக்கும். குடும்பத்துக்கு விட முன்னம் வயரிங்கைப் பாக்கச் சொல்லுங்கோ. ட்ரிப் சுவிச்சை நேர இணைச்சு வைச்சிருந்த வீடு கண்டனான்.

கூரைச் சீற், ஓடு எதெண்டாலும் வெள்ளம் ஏறுற இடமோ எண்டு பக்கத்து வீட்டில கேளுங்கோ. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவு திறந்த நேரம் எந்தெந்த வளவுக்குத் தண்ணி வந்தது எண்டு ஊருக்குத் தெரியும். வீடு எடுக்கிறவைக்கு அதை மறைச்சு விடுறது சரியில்லை.

அறிவியல்நகர் பெடியன் எழுதியது:

நாங்கள் கம்பஸ் பெடியள் எட்டுப் பேர் ஒரு வீட்டில. தலைக்கு இவ்வளவு எண்டு வீட்டுக்காரர் வாங்கிறார். பிழை எங்க எண்டால், அவர் கதைச்சது ஒருத்தனோட மட்டும். அவன் இறுதி வருசம் முடிச்சுப் போனாப்பிறகு மிச்சப் பேரை அவருக்கு ஆர் எண்டே தெரியாது. விடுமுறை மாசத்துக்கு வாடகை இருக்கோ இல்லையோ எண்டதும் முதல்ல கதைக்கேல்லை. பம்பைமடுவில வவுனியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலயும் இதே பிரச்சினை எண்டு சினேகிதன் சொன்னவன்.

கரடிப்போக்கு எழுதியது:

கரண்டை மறந்திட்டியள். 2022 ஆவணியில கட்டணம் சராசரி 75 வீதம் கூட்டினவை, 2023 மாசியில திரும்ப 66 வீதம். "கரண்டோட சேர்த்து வாடகை" எண்டு விட்டவை அப்ப வாடகையைக் கொண்டு போய் மின்சார சபைக்குக் கட்டினவை. அந்தக் கட்டணங்கள் பிறகு இறங்கினதும் உண்மை, ஆனா எப்ப ஏறும் எப்ப இறங்கும் எண்டு எங்களுக்குத் தெரியாது. மீற்றர் வாசிப்பைத் திறப்புக் குடுக்கிற அண்டு ரெண்டு பேரும் நிண்டு படம் எடுங்கோ. கணக்கு உங்கட பேரில எண்டால் நிலுவைக்கு உங்களைத்தான் தேடுவினம். சில வீட்டில கணக்கு இன்னும் செத்துப்போன அப்பாவின்ர பேரில. பில் மாசா மாசம் உங்கட போனுக்கும் வாற மாதிரிச் செய்யுங்கோ.

வங்கி, நிறுவனங்களுக்கு விடுறவைக்கு ஒண்டு: 2023 தொடக்கம் மாச வாடகை 100,000 ரூபாவுக்கு மேல எண்டால் 10 வீதம் வரி பிடிச்சிட்டுத்தான் தருவினம். இது இலங்கையில வதியிறவைக்கு, வெளிநாட்டில இருக்கிறவைக்குக் கணக்கு வேற. உதயநகர் வீட்டுக்கு அந்த வாடகை வராது, ஏ9 கரைக் கட்டடத்துக்கு வரும்.

பாலையடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதிரை அண்ணை, நொத்தாரிசு குத்தகைதான் எண்டு முடிவெடுத்து அண்ணரோட கதைச்சன். அவர் ஓம் எண்டிட்டார். உறுதியின்ர பிரதியை அனுப்பச் சொன்னால், உறுதி இல்லையாம், பெர்மிட்டாம். அதுவும் அப்பாவின்ர பேரில. அப்பா 2014ல காலமாயிட்டார்.

முதிரை எழுதியது:

இது முதல் பதிவிலயே வந்திருக்க வேண்டிய கேள்வி, நானும் கேக்கேல்லை. எங்கட கந்தோருக்கு வாறவையில கனபேர் இந்த இடத்திலதான் திரும்பிப் போகினம்.

பெர்மிட் காணி 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வாறது. காணி அரசின்ர. பெர்மிட்காரர் அதில இருந்து பயன்படுத்த வேணும் எண்டுதான் குடுத்தது. பிரதேச செயலாளரின்ர எழுத்துமூல அனுமதி இல்லாமல் கைமாத்தினால் அது செல்லாது. நொத்தாரிசும் அனுமதிக் கடிதம் இல்லாமல் எழுத மாட்டார். எழுதித் தாறன் எண்டு ஒருத்தர் சொன்னால் அவரிட்டப் போகாதையுங்கோ.

வன்னியில குடியேற்றத் திட்டக் காணிகள் கனக்க இப்படித்தான். இந்திய வீட்டுத்திட்டத்தில ஐந்தரை லட்சம் மானியத்தோட கட்டின வீடுகளிலயும் கனக்க பெர்மிட் காணியில நிக்குது. வீடு நாங்கள் கட்டினது, காணியும் எங்கடதுதான் எண்டு சனம் நினைக்குது. வீட்டைப் பூட்டிப்போட்டு வெளிநாட்டில இருந்தால், பெர்மிட் நிபந்தனையை மீறினது எண்டு ஆரும் முறைப்பாடு குடுக்கவும் இடம் இருக்கு.

உங்கட விசயத்தில வாடகைக்கு முன்னம் பின்னுரித்து, அதாவது அப்பாவுக்குப் பிறகு பெர்மிட் ஆருக்கு எண்டது. அப்பா ஆரையும் பின்னுரித்தாளரா நியமிச்சுப் பதிஞ்சவரோ? அம்மா இருக்கிறாவோ? நியமனம் இல்லாட்டில் சட்டத்தில உள்ள ஒழுங்குப்படிதான் போகும், நீங்கள் குடும்பமாப் பேசி "அண்ணருக்கு" எண்டு முடிவெடுத்தால் மட்டும் காணாது. அண்ணர் கனடாப் பிரசை ஆயிட்டாரோ எண்டதையும் காணிப் பகுதியில மறைக்காமல் சொல்லுங்கோ. 2024ல தொடங்கின "உறுமய" திட்டத்தில பெர்மிட்டை முழு உரித்து உறுதியா மாத்த விண்ணப்பிச்சவை இருக்கினம். உங்கட வளவுக்கு அப்பிடி ஏதும் விண்ணப்பம் போனதோ எண்டும் கேளுங்கோ.

சுவிஸ் உறவு எழுதியது:

முதிரை, விசுவமடு வீடும் பெர்மிட்தான். அப்ப மச்சாளிட்ட இனி எதில கையெழுத்து வாங்கிறது?

முதிரை எழுதியது:

முதல் உங்கட பேரில என்ன இருக்கு எண்டு பாருங்கோ, பிறகு மச்சாளின்ர கையெழுத்தைப் பாப்பம். அரச காணியில பத்து வருச ஆட்சி எண்டு மச்சாளால அரசுக்கு எதிராக் கோர ஏலாது. ஆனா அரச காணி ஆருக்கு எண்டு விசாரிக்கிற காணிக் கச்சேரி வைச்சு "இப்ப ஆர் இருக்கிறது?" எண்டு கேக்கேக்க, இருக்கிறது மச்சாள்.

குஞ்சுப்பரந்தன் அக்கா எழுதியது:

பாலையடி தம்பி, இதெல்லாம் முடிய மாசக் கணக்கில போகும். அதுவரைக்கும் வீடு பூட்டிக் கிடக்கப் போகுதோ?

பாலையடி எழுதியது:

அம்மா என்னோடதான் இருக்கிறா அக்கா. பெர்மிட் ஒழுங்கு வருமட்டும் அம்மாவும் நானும் கிழமைக் கடைசியில போய் நிண்டு கூரை, வயரிங் வேலையைப் பாக்கிறது எண்டு கதைச்சிருக்கிறம். மாங்குளத்து அண்ணையின்ர நம்பரைத் தனிமடலில கேட்டிருக்கிறன். பூட்டின அறை எங்கட வீட்டிலயும் ஒண்டு கிடக்கு, அதை இந்தக் கிழமையே திறக்கிறம். முதிரை அண்ணை, பிரதேச செயலகத்துக்குப் போகேக்க என்னென்ன கொண்டு போக வேணும்?

முதிரை எழுதியது:

பெர்மிட்டின்ர மூலப்பிரதி, அது இல்லாட்டில் பெர்மிட் இலக்கமும், அது பதிஞ்ச லெட்ஜர் விபரமும். அப்பாவின்ர மரண அத்தாட்சி, அம்மாவின்ர விவாக அத்தாட்சி, பிள்ளையள் எல்லாற்றையும் பிறப்பு அத்தாட்சி, கிராம சேவகரின்ர வதிவிடக் கடிதம். எல்லாத்திலயும் பிரதி ரெண்டு எடுத்து வையுங்கோ. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவின்ர வாக்குமூலம் எடுப்பினம். காணி உத்தியோகத்தர் வெளிக்கள வேலைக்குப் போற நாள் எது எண்டு போன் எடுத்துக் கேட்டிட்டு வவுனியாவில இருந்து வெளிக்கிடுங்கோ.